அது கோயில், விளக்கு பிறகு வந்தது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் மாமல்லபுரம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் எல்லாம் அருமை. ஆனால் குன்றின் உச்சியில் நிற்கும் கற்கோயிலின் படத்துக்குக் கீழே ‘பல்லவர்கள் கட்டிய பழைய கலங்கரை விளக்கம்’ என்று போட்டிருந்தீர்கள். பல்லவர்கள் அதைக் கலங்கரை விளக்கமாகக் கட்டவில்லை. அது ஒரு சிவன் கோயில். பெயர் ஓலக்கண்ணேஸ்வரர் கோயில். தயவுசெய்து திருத்திப் போடுங்கள்.

நான் கொக்கிலமேட்டில் பிறந்தவள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரமாக நடந்தாலே வந்துவிடும் மீனவர் ஊர். கல்யாணமாகிச் செங்கல்பட்டு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. அதில் முப்பது வருஷம் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று என் கையைத் தாண்டிப் போன தாள்களுக்குக் கணக்கில்லை. தவறாக அச்சான வரியைக் கண்டால் கை தானாகப் பேனாவைத் தேடும். அதோடு இது எங்கள் வீட்டு விளக்கைப் பற்றிய வரி. அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் இப்போது நிற்கும் கலங்கரை விளக்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறேன். வாசலில் பாய் விரித்துப் படுத்தால் அந்த வெளிச்சம் சுற்றிச் சுற்றி வருவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நானும் என் அண்ணன்களும் தூங்குவோம்.

ஆனால் அதன் மேல் நான் ஏறியதே இல்லை. சின்ன வயதில் பக்கத்திலேயே இருக்கிறதே என்று போகவில்லை. அப்புறம் பாதுகாப்புக் காரணத்தால் பல வருஷம் பொதுமக்களை உள்ளே விடவில்லை. 2011-இல் திறந்தார்கள். அதற்குள் நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆயுசு முழுக்க அந்த விளக்கைப் பார்த்துக் கரை சேர்ந்தவர் அவர். அவர் ஏறாத படியில் நான் ஏறுவதா என்று ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருந்தது. உங்கள் படக்குறிப்பைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. போன சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளுக்குப் பதினோரு வயது.

கீழே நின்று பார்த்தால் அந்தக் கோபுரம் குன்றிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கும். மற்ற ஊர்களில் கலங்கரை விளக்கத்துக்குப் பட்டை பட்டையாக வர்ணம் அடித்திருப்பார்கள். பகலில் விளக்கு எரியாது அல்லவா, கடலிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எந்த ஊர் என்று நிறத்தை வைத்துத் தெரிய வேண்டும். மெரினாவில் சிவப்பும் வெள்ளையும். இங்கே வர்ணம் கிடையாது. கல்லை அப்படியே வைத்துக் கட்டிய வட்டக் கோபுரம், சுமார் 26 மீட்டர். உள்ளே படிகள் சுற்றிக்கொண்டே மேலே போகின்றன. நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பேத்தி எனக்கு மேலே நாலு படி தள்ளி உட்கார்ந்து காத்திருந்தாள். கடைசியில் குனிந்து வெளியே வந்தோம். காற்று என் முந்தானையைப் பிடுங்கியது.

கிழக்கே கடற்கரைக் கோயில், உள்ளங்கையில் வைக்கலாம் போல அவ்வளவு சின்னதாக. மேற்கே பக்கிங்காம் கால்வாய். காலடியில் பாறைகளும் குகைகளும் மரங்களும். எல்லாரும் கிழக்கேதான் நின்று படம் எடுத்தார்கள். நான் தெற்கே போய் நின்றேன். கொக்கிலமேட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மணலில் ஃபைபர் படகுகளை வரிசையாக ஏற்றி வைத்திருந்தார்கள். வெயிலில் காயப்போட்ட கருவாடு மாதிரி இருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தைப் பேத்திக்குக் காட்டினேன். அறுபது வருஷமாக நான் கீழேயிருந்து பார்த்த இடத்திலிருந்து என் வீட்டைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. காற்றில் தூசி என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன் தன் அம்மாவிடம் “லைட் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டான். “மேல எங்கேயாவது இருக்கும், இங்க பாரு, சிரி” என்று அந்த அம்மா போனை நீட்டினார். விளக்கு எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அண்ணாந்து பார்க்கச் சொல்லி அவனிடம் காட்டினேன். இவ்வளவு தூரம் வந்து, படியேறி, காற்று வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு, விளக்கை மட்டும் பார்க்காமல் எத்தனை பேர் இறங்கிப் போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

இறங்கி அந்தக் கோயிலுக்குப் போனோம். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே, மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே இருக்கும் பாறையில் அது நிற்கிறது. சிங்கத்தின் மேல் அமர்ந்து எருமைத்தலை அசுரனை விரட்டும் துர்க்கை கீழே, ஓலக்கண்ணேஸ்வரர் மேலே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கட்டியது. குடைவரை இல்லை, கல்லை அடுக்கிக் கட்டியது. மேலே இருந்த விமானம் இப்போது இல்லை. சுவரில் தட்சிணாமூர்த்தி, கயிலாயத்தைத் தூக்கப் பார்க்கும் ராவணன். உப்புக் காற்று முகங்களைத் தின்றிருக்கிறது. மூக்கு எது, வாய் எது என்று விரலை நீட்டி நீட்டித்தான் பேத்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கருவறையும் சிவன் சிற்பங்களும் வைத்து யாராவது கப்பல் விளக்குக்குக் கட்டடம் கட்டுவார்களா?

அங்கே ஒரு வழிகாட்டி ஒரு குடும்பத்துக்கு “இது பல்லவர் காலத்து லைட்ஹவுஸ்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இணையத்தில் தேடினால் மகேந்திரவர்மன் 640-ஆம் ஆண்டில் கட்டினான் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலம் 630-ஓடு முடிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்கு இது.

நடந்தது என்னவென்றால், விமானம் போன பிறகு அந்தக் கோயிலுக்குத் தட்டையான கூரை மிஞ்சியது. உயரமான பாறை, அதற்கு மேல் உறுதியான கட்டடம், எதிரே கடல். வெள்ளைக்காரர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அந்தக் கூரையின் மேல் கப்பல்களுக்கான விளக்கை வைத்தார்கள். இப்போதிருக்கும் கல் கோபுரம் வந்த பிறகு விளக்கு அங்கே மாறியது. கோயில் கூரையில் விளக்கு எரிந்தது கொஞ்ச காலம்தான். கோயிலுக்கு வயது ஆயிரத்து முந்நூறு. கொஞ்ச காலம் தங்கியவரின் பெயரை வீட்டுக்கே வைத்துவிட்ட கதை இது.

கலங்கரை விளக்கத்துக்கு உயரம்தான் வேண்டும். பூமி உருண்டை, ஆகவே விளக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்குக் கடலில் தெரியும். சொந்தக் கட்டடம் அதற்கு அவசியமில்லை. சென்னையையே பாருங்கள். 1796-இல் முதல் விளக்கைக் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் வைத்தார்கள். அந்தக் கட்டடம்தான் இன்றைய கோட்டை அருங்காட்சியகம். 1844-இல் அதற்கென்று ஒரு கல்தூண் கட்டினார்கள். அந்தத் தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894-இல் விளக்கு உயர் நீதிமன்றத்தின் குவிமாடத்துக்கே ஏறியது. 1977-இல்தான் மெரினாவுக்கு வந்தது. உயர் நீதிமன்றத்தைப் பார்த்து யாரும் ‘வெள்ளைக்காரர் கட்டிய கலங்கரை விளக்கம்’ என்று எழுதுவதில்லை. ஓலக்கண்ணேஸ்வரருக்கும் அந்த நியாயம் வேண்டாமா?

அந்தப் பெயரிலேயே ஒரு விளக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உழக்கெண்ணெய் ஈஸ்வரர் என்பதுதான் ஓலக்கண்ணேஸ்வரர் என்று மருவியது என்பார்கள். கோயில் விளக்குக்கு உழக்கு எண்ணெய் கொடுத்து வந்ததால் அந்தப் பேராம். உழக்கு என்றால் கால் படி. இது ஊரில் சொல்லும் கதை, கல்வெட்டு இல்லை. என் ஆயா, அதாவது பாட்டி, இதைச் சொல்லித்தான் எங்களைக் கையெடுத்துக் கும்பிடச் சொல்வாள். பேத்தியும் கும்பிட்டாள். உள்ளே பூஜை எதுவும் இல்லை, ஒரு அகல்கூட இல்லை.

இனி நைனாவின் கதை. எனக்கு எட்டு வயது, ஐப்பசி மாதம். நைனாவும் சித்தப்பாவும் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்ப வேண்டும். வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஆயா கரையில் அரிக்கேன் விளக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த ராத்திரி அந்தப் பெரிய வெளிச்சம் வந்து வந்து போவதை நான் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மழையை மட்டும்தான் காட்டியது.

விடியற்காலையில் வந்தார்கள். வலை போய்விட்டது, உயிர் இருந்தது. வாடைக் காற்று தெற்கே தள்ளிக்கொண்டே போய்விட்டதாம். கரை தெரியவில்லை, நட்சத்திரம் இல்லை, எந்த ஊருக்கு நேரே இருக்கிறோம் என்று தெரியவில்லை. மழை கொஞ்சம் விட்டபோது பின்னால் வடக்கே ஒரு வெளிச்சம் வந்து போனதை சித்தப்பா பார்த்திருக்கிறார். எந்த விளக்கு என்று நைனா எண்ணிப் பார்த்தாராம். வெளிச்சம் போய்த் திரும்பி வருவதற்குள் எத்தனை துடுப்பு போடலாம் என்பதுதான் அவர் கணக்கு. மணி பார்க்கத் தெரியாது, வாட்ச் கிடையாது. துடுப்பு மட்டும்தான். “நம்ம விளக்குதான்டா, சதுரங்கப்பட்டினம் தாண்டிட்டோம், வடக்கே திருப்பு” என்றாராம். காற்றை எதிர்த்து ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். அவர் உள்ளங்கையை அம்மா விரித்துப் பார்த்தாள். தோல் உரிந்து துடுப்பின் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. அதில் உப்புத் தண்ணீர். நைனா கையை மூடிக்கொண்டு “கஞ்சி இருக்கா?” என்றார்.

ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியும். எத்தனை விநாடிக்கு ஒரு முறை, எத்தனை வீச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர் விளக்குகள் ஒரே மாதிரி இருந்தால் குழம்பிப் போகுமே. “பட்டணத்து விளக்கு வேற எண்ணிக்கை” என்பார் நைனா. அப்போது பட்டணத்து விளக்கு ஐகோர்ட் உச்சியில் இருந்தது.

மாமல்லபுரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருக்கிறது, பழைய விளக்குச் சாமான்கள் வைத்திருக்கிறார்கள். தவற விடாதீர்கள். அங்கே லென்ஸ் ஒன்றின் முன் பேத்தி வெகு நேரம் நின்றாள். ஒரே பெரிய கண்ணாடி இல்லை. வளையம் வளையமாக, பட்டை பட்டையாகக் கண்ணாடியைச் செதுக்கி அடுக்கியிருக்கிறது. ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த முறை. 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் வைத்தார்கள். நாலாபக்கமும் சிதறும் வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும். உள்ளே விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்; லென்ஸ் சுற்றுவதால்தான் நமக்கு வந்து வந்து போவதாகத் தெரிகிறது. பேத்தி முகத்தைக் கிட்டே கொண்டு போனாள். அவள் முகம் பத்துப் பட்டையாக உடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கண் தெரிந்தது.

உங்கள் கட்டுரையில் ஓர் இடத்தில் ‘கலங்கரை விளக்கு’ என்றும் இன்னோர் இடத்தில் ‘விளக்கம்’ என்றும் இருந்தது. விளக்கம்தான் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரையில் ராத்திரி எரியும் விளக்குகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் ‘இலங்குநீர் வரைப்பின் கலங்கரை விளக்கமும்’ என்று வருகிறது. நான் அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழ் படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதற்கு முந்தைய வரி மீன் விற்பவர்களின் விளக்கு. அடுத்த வரி பரதவரின் படகு விளக்கு. என் அம்மா காடா விளக்கு வைத்துக்கொண்டு கடைத்தெருவில் மீன் விற்றவள். நைனா படகுக்காரர். நடுவில் அந்தப் பெரிய விளக்கு. எங்கள் வீட்டை யாரோ பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

இன்னொன்று, கலங்கரை என்பதில் வரும் கரை கடற்கரை இல்லை. கரைதல் என்றால் அழைத்தல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று குறளில் வருகிறதே, அந்தக் கரைதல். கலத்தை, அதாவது கப்பலை, கூவி அழைக்கும் விளக்கம். பல்லவருக்கும் முந்தைய பெரும்பாணாற்றுப்படை ஒரு துறைமுகத்தைப் பாடுகிறது. ஏணி சாத்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடம், மேலே கூரை வேயவில்லை, அதில் ராத்திரியில் மூட்டிய தீ ‘ஓடுகலம் கரையும்’ என்கிறது. அந்த ஊர் நீர்ப்பெயற்று. அது மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு, இல்லை என்பவர்களும் உண்டு. எந்த ஊராக இருந்தாலும், பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் இதையல்லவா எழுத வேண்டும்! கோயிலைக் கலங்கரை விளக்கமாக்கத் தேவையே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது உங்கள் வழியாகக் கலங்கரை விளக்கத் துறையினருக்கு. பொழுது சாய்வதற்குள் பார்வையாளர்களை இறக்கிவிடுகிறார்கள். ராத்திரி அது வேலை செய்யும் இடம், அது நியாயம்தான். ஆனால் செப்டம்பர் 21-ஐ கலங்கரை விளக்க நாளாகக் கொண்டாடுகிறார்களே, அந்த ஒரு நாளாவது பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை, கொக்கிலமேடு, தேவநேரி, வெண்புருஷம் பிள்ளைகளை, விளக்கு ஏற்றும் நேரத்தில் அடிவாரத்தில் நிற்க விடுங்கள். மேலே விட வேண்டாம். கீழே நின்றால் போதும். இப்போது படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, எண்ணத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஜிபிஎஸ் நனைந்துபோன ராத்திரிக்கு அந்தக் கணக்கு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நாங்கள் அன்றைக்கு உடனே பஸ் ஏறவில்லை. கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். இருட்ட இருட்ட அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் எங்கள் தலைக்கு மேல் சுற்றிக் கடலுக்குப் போனதும் எழுந்து நின்றாள். துடுப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, மணலில் நின்றபடியே துடுப்புப் போட்டு எண்ணினாள். முதல் தடவை ஒரு எண்ணிக்கை வந்தது, அடுத்த தடவை வேறு. “ஆயா, மாறுது” என்றாள். வேகமாகப் போடுகிறாய், நைனா மாதிரி நிதானமாகப் போடு என்றேன். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ சரியாக வந்தது. அதற்கப்புறம் மாறவே இல்லை.

படக்குறிப்புத் திருத்தத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கொக்கிலமேட்டில் பிறந்த வாசகி,
செங்கல்பட்டு.